எருக்கஞ்செடியை அறிவோம்



பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையோரம் பீன்யா இருக்கிறது. அது பெரிய தொழிற்பேட்டை. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பலர் அங்கே பாடுபடுகிறார்கள். அங்கே வயல் இல்லை, தோப்பு இல்லை. ஆனாலும் நம் ஊர்ச் செடி ஒன்று அங்கேயும் உண்டு. அதுதான் எருக்கு. கன்னடக்காரர்கள் 'எக்க' என்பார்கள்.

எருக்கு எங்கே வளரும்? நல்ல வெயில் படும் இடத்தில் வளரும். சாலையோரம், ரயில் பாதையோரம், காலி மனை, கல்லும் மண்ணும் கொட்டிய மேடு, எல்லாம் அதற்கு வீடுதான். யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வேர் ஆழமாகப் போகும். ஆடு மாடுகள் பெரும்பாலும் அதைக் கடிப்பதில்லை.

அதை எப்படி அடையாளம் காண்பது?

இலையைப் பாருங்கள். தடிப்பாக இருக்கும். மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும். இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும்.

பூவைப் பாருங்கள். ஐந்து இதழ். நடுவில் சின்னக் கிரீடம் போல ஒன்று நிற்கும். நிறம் கத்தரிப்பூ நிறம். வெள்ளையாகப் பூத்தால் வெள்ளெருக்கு.

காயைப் பாருங்கள். பச்சையாகப் பருத்திருக்கும். முற்றி வெடித்தால் பஞ்சு பறக்கும். பஞ்சின் நுனியில் விதை இருக்கும்.

வேலிப்பருத்தியிலும் பால் வரும். ஆனால் அது கொடி. அதன் காயில் மெத்தென்ற முள் இருக்கும். எருக்கு நிமிர்ந்து நிற்கும் செடி. ஆள் உயரத்துக்கு மேலும் வளரும்.

எருக்கின் இலையில் சில நேரம் ஒரு புழுவைக் காணலாம். உடம்பில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் இருக்கும். அதை நசுக்காதீர்கள். அதுதான் பிறகு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியாகும். எருக்கிலையின் நஞ்சு அதன் உடம்பில் சேரும். அதனால் பறவைகள் அதைத் தின்னாமல் ஒதுங்கும்.

பூச்சிக்குக் காவலான அந்த நஞ்சு நமக்கு ஆபத்து. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டுகிறோம். பூப் பறிக்கும்போது பால் கையில் ஒட்டும். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் என்ன ஆகும்? பார்வை மங்கும். வெளிச்சம் பட்டால் கண் கூசும். ஆனால் பலருக்கு வலியே தெரியாது. வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடுவார்கள். அங்கேதான் கெடுதல் வருகிறது.

பால் கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. தாய்ப்பால், எண்ணெய் எதையும் விடக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவ வேண்டும். பிறகு தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு மின்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

பூவைப் பெரியவர்களே பறியுங்கள். பறித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிறகு குழந்தைகளையும் அழைத்துப் போய்ச் செடியைக் காட்டுங்கள். பூவையும் புழுவையும் கண்ணால் பார்க்கட்டும். பாலை மட்டும் தொட வேண்டாம்.

செடியை வெட்டி எறிய வேண்டியதில்லை. அதை அறிந்து பழகினால் போதும்.