திராட்சைத் தோட்டம் பார்க்கப் போவோமா?

(காலாண்டுச் சந்திப்பில் நம் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"அடுத்த லாங் வீக்எண்டுக்கு எங்கே போகலாம்?" என்று நம் குடியிருப்புக் குழுவில் கேள்வி வந்தது. மகாபலிபுரம், ஏலகிரி, புதுச்சேரி எல்லாம் நமக்குப் பழகிவிட்டன. அதனால் ஒயின் தயாராகும் திராட்சை ஊர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். தலைப்பைக் கேட்டதும் சிலர் முகம் சுளித்ததையும் பார்த்தேன். குடிக்காதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்தச் சொல். 2003-இல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் நம் ஊரில் அந்தக் கடைக்கு "ஒயின் ஷாப்" என்றுதான் பெயர். ஆனால் அங்கே அதிகம் விற்பது பிராந்தி, ரம், பீர். அதனால் ஒயின் என்றால் என்ன, எங்கே விளைகிறது என்று பார்க்கும் வாய்ப்பே நமக்கு அமையவில்லை.

நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூருக்கு வடக்கே உள்ள நந்தி மலை அடிவாரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூர் சுமார் 300 கிலோமீட்டர். அங்கிருந்து தொட்டபள்ளாபூர் இன்னும் ஒரு மணி நேரப் பயணம், டிராபிக்கைப் பொறுத்து. 1988-இல் கன்வல் குரோவர் தொடங்கிய குரோவர் ஒயினரி, இப்போது குரோவர் ஜாம்பா, அங்கேதான் இருக்கிறது. பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி என்பதுதான் அந்தப் பூமியின் பலம். இரவு குளிர்ந்தால் பழத்தின் புளிப்பு முழுதாகக் கரைந்துபோகாது. இனிப்பு மட்டும் ஏறிய பழத்தில் நல்ல ஒயின் வராது. முன்பதிவு செய்துகொண்டு போனால் கொடி, பிழியும் இயந்திரம், எஃகுத் தொட்டி, ஓக் பீப்பாய் என்று வரிசையாகக் காட்டுவார்கள். நம்மில் பாதிப் பேர் ஆலைக்காரர்கள். தொட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டைப் பார்த்தால் நீங்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இரண்டாவது, பெங்களூர் - மைசூர் சாலையில் சன்னபட்டணாவில் உள்ள ஹெரிடேஜ் ஒயினரி. குடும்பத்தோடு போக எனக்குப் பிடித்த வழி இதுதான். பிடதியில் தட்டு இட்லி, ராமநகரத்தில் பட்டுக்கூடு சந்தை, சன்னபட்டணாவில் மரப்பொம்மை. ஒயினை ஏறிட்டுப் பார்க்காதவர்களுக்கும் அந்த நாள் வீணாகாது. போகும் வழியில் ஆம்பூர் வருகிறது. சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் எங்கே நன்றாக இருக்கும் என்று நான் சொல்லப் போனால் இங்கே சண்டை வரும். அதை உங்களிடமே விடுகிறேன்.

நேரமும் விடுப்பும் இருப்பவர்களுக்கு நாசிக். ராஜீவ் சாமந்த் 1999-இல் தொடங்கிய சூலா, 2005-இல் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே தனிக்கூடம் திறந்தது. கங்காபூர் அணைப் பக்கம் யார்க், சோமா என்று அடுத்தடுத்து இருக்கின்றன. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் போனால்தான் கொடியில் பழம் பார்க்கலாம். காலையில் மிசள் சாப்பிடாமல் வராதீர்கள். முளைகட்டிய பயறு, காரக் குழம்பு, மேலே மிக்சர், தொட்டுக்கொள்ள பாவ். நம் குடியிருப்பில் உள்ள மராட்டி நண்பர்களைக் கேட்டால் கண்கள் விரியும்.

சொட்டு மதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு நம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் பந்தலடியில் நின்று பழம் வாங்கலாம், சுருளி அருவியும் பார்க்கலாம். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல சுற்றுலா இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. "ஒயின் பழரசம் மாதிரிதானே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்கைப் பாருங்கள். 13 சதவீத ஒயின் 150 மில்லி குடித்தால் உள்ளே போகும் ஆல்கஹால் சுமார் 15 கிராம். 30 மில்லி விஸ்கியில் சுமார் 10 கிராம். அதாவது ஒரு கிளாஸ் ஒயின் ஒன்றரை ஸ்மாலுக்குச் சமம். எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

அபராதத்தைக் கட்டிவிடலாம். திரும்பி வரும் சாலையை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு இரவு, கன்டெய்னர் லாரிகள், சுங்குவார்சத்திரம் தாண்டி விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் ட்ரெய்லர், பின் சீட்டில் தூங்கும் பிள்ளைகள், திங்கள் காலை முதல் ஷிப்ட். இத்தனையும் ஒரே ஸ்டீயரிங்கில் இருக்கிறது.

அதனால் நாலு வழக்கம் வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் யார் என்று கிளம்புமுன்பே முடிவு செய்யுங்கள், அவர் அன்று தொடவே வேண்டாம். இல்லாவிட்டால் அங்கேயே இரவு தங்குங்கள், அல்லது டிரைவர் அமர்த்துங்கள். சுவைக்கும் இடத்தில் வாளி வைத்திருப்பார்கள், வாயில் வைத்துவிட்டுத் துப்பலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது, தொழில்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். நாலாவது, வேண்டாம் என்பவரை "ஒரு வாய்தானே" என்று யாரும் வற்புறுத்த வேண்டாம்.

பிப்ரவரியில் சன்னபட்டணா போக ஒரு வேன் பேசலாம் என்று எண்ணம். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வேன் என்றால் நம்மில் யாரும் ஓட்ட வேண்டியதில்லை.