ஆடும் ஆட்டமே!

(தலைப்பு: வெளிநாடு போனவருக்குத் துணை தேடித் தருவது பேசும் மொழியா? ஆடும் ஆட்டமா? – சடையங்குப்பம் மேடையில் ‘ஆடும் ஆட்டமே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் சொல்லின் செல்வர்களே! கொசஸ்தலை ஆற்றுக் காற்றையும் மணலி ஆலைப் புகையையும் ஒன்றாகச் சுவாசித்துப் பழகிய சடையங்குப்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே சோறு வடிக்கிறதை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிற சகோதரிகளே!

எதிரணியிலே எடுத்த எடுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “இவர் தமிழ்ப் பேராசிரியர். டாக்டர் பட்டமே தமிழிலேதான் வாங்கினார். மாதா மாதம் தமிழ்தான் இவருக்குச் சம்பளம் தருது. அப்படிப்பட்டவர் மொழிக்கு எதிரா நிக்கலாமா?”ன்னு கேட்டாங்க.

ஐயா, நான் தமிழுக்கு எதிரா நிக்கலே. தமிழ் தெரியாத ஊர்லே போய் மாட்டிக்கிட்ட தமிழன் பக்கத்திலே நிக்கிறேன். (கைதட்டல்)

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். இந்த எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலே முப்பது வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலையின் மனமகிழ் மன்றத்திலே ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. அங்கே மேலதிகாரிகள் ஆடி முடித்த பிறகு, மிச்சமிருக்கிற வெளிச்சத்திலே ஆடப் பழகினவர். மகன் அமெரிக்காவிலே நியூஜெர்சியிலே இருக்கான். “அப்பா, ஆறு மாசம் வந்து இருங்க”ன்னு டிக்கெட் அனுப்பினான். போனார்.

முதல் வாரம் எல்லாம் அதிசயம். ரெண்டாவது வாரம் என்ன ஆச்சு? மகன் வேலைக்கு. மருமகள் வேலைக்கு. பேரன் பள்ளிக்கூடத்துக்கு. பெரியவர் ஜன்னலுக்கு! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இங்கேதான் நீங்கள் குறிப்பெடுக்கணும். அந்தப் பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாதா? நல்லாத் தெரியும். முப்பது வருஷம் ஆங்கிலத்திலேதான் கடிதம் எழுதினார். மொழி கையிலே இருக்கு. ஆனால் யார்கிட்டே போய்ப் பேசுறது? நம்ம ஊரிலே திண்ணை இருக்கு, டீக்கடை பெஞ்சு இருக்கு. அங்கே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, “சும்மாதான் வந்தேன், பேசிக்கிட்டு இருக்கலாமா?”ன்னு கேட்டால் பதிலுக்குப் போலீஸ் வரும்! (பலத்த சிரிப்பு) பேசுவதற்கு மொழி போதும். பேச்சை ஆரம்பிப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கைத் தருவது ஆட்டம்.

ஒருநாள் பேரனைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நாலு டென்னிஸ் கோர்ட். அமெரிக்காவிலே பல ஊர்களிலே பூங்காவிலே பொது கோர்ட் உண்டு. முதலில் வந்தவர் ஆடலாம். ஆள் காத்திருந்தால் ஒரு மணி நேரத்திலே இடத்தை விட்டுத் தரணும். சில பூங்காக்களிலே மட்டையை வரிசையாக மாட்ட ஒரு பலகையே வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் குழாயடியிலே குடத்தை வரிசையிலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்போமே, அதே சட்டம்தான்! (கைதட்டல்) நியூயார்க் மாநகரம் மாதிரிச் சில இடங்களிலே சீசனுக்கு அனுமதிச் சீட்டு வாங்கணும்.

துணை இல்லாதவன் என்ன செய்வான்? பல இடங்களிலே பந்தடித்துப் பழக ஒரு சுவர் உண்டு. பெரியவர் மறுநாள் காலையிலே மட்டையோடு போய்ச் சுவரோடு ஆடினார். அடுத்த நாளும் போனார், அதே நேரத்துக்கு. மூன்றாம் நாள் பக்கத்து கோர்ட்டிலிருந்து ஒருத்தர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஏன்? இரட்டையர் ஆட்டத்துக்கு நாலு பேர் வேணும். உலகத்திலே எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள், காலையிலே டென்னிஸ் ஆடுகிற ஓய்வுபெற்றவர் குழுவிலே மூணு பேர்தான் வந்திருப்பார்கள். நாலாவது ஆளுக்கு எப்பவும் முழங்கால் வலி! (சிரிப்பு) அந்த நாலாவது இடம் இருக்கிறதே, அதுதான் அயலூர்க்காரனுக்காகக் கடவுள் ஒதுக்கி வைத்த இடம்.

கூப்பிட்டவர் ஒரு சீனர். மற்ற ரெண்டு பேரிலே ஒருவர் ரஷ்யாவிலிருந்து வந்தவர். மூணு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் டென்னிஸிலே எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். பதினைந்து, முப்பது, நாற்பது. ஒண்ணுமே எடுக்காதவனுக்கு என்ன பெயர்? லவ்! தோற்கிறவனைப் பார்த்து அன்பு என்று சொல்கிற மொழி வேறே எது? (கைதட்டல்)

இன்னொரு சங்கதி. அமெரிக்காவிலே டென்னிஸ் ஆடுகிறவருக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை ஒரு தர எண் இருக்கிறது, அரை அரையாக ஏறும். “நீங்கள் எப்படி ஆடுவீர்கள்?” என்று கேட்டால், “மூன்று” என்பார்கள், “மூன்றரை” என்பார்கள். சமமான ஜோடி உடனே அமையும். நம்ம ஆளைக் கேட்டால் என்ன சொல்வோம்? “ஏதோ ஆடுவேனுங்க.” (சிரிப்பு) அந்த “ஏதோ”வை எந்த மொழியிலே பெயர்க்கிறது? மொழி அடக்கத்தைச் சொல்லி ஆளைக் குழப்பும். ஆட்டம் அஞ்சு நிமிஷத்திலே உள்ளதைக் காட்டிவிடும்.

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். நானும் அழைக்கிறேன். நட்பு என்று ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், அடுத்த அதிகாரத்துக்கு என்ன தலைப்பு வைத்தார்? நட்பாராய்தல்! பழகுமுன் ஆராய்ந்து பார் என்றார். பேச்சை வைத்து ஒருவனை ஆராய எத்தனை நாளாகும்? பத்து வருஷம் பேசியும் சீட்டுக் கம்பெனிக்காரனை நம்மாலே கண்டுபிடிக்க முடியலையே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) டென்னிஸிலே நடுவர் இல்லாமல் ஆடும்போது ஒரு மரபு. என் பக்கம் விழுகிற பந்து உள்ளேயா வெளியேயா என்று நான்தான் சொல்லணும். சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாகச் சொல்லணும். ஒரே ஒரு மணி நேரம் போதும். கோட்டிலே பட்ட பந்தை “வெளியே” என்கிறவன் யார், “உள்ளே” என்கிறவன் யார் என்று தெரிந்துவிடும். அதுதான் ஐயா நட்பாராய்தல்!

“டென்னிஸ் பணக்காரன் ஆட்டம். சடையங்குப்பத்து மேடையிலே அதைப் பேசலாமா?” என்று அம்மையார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வடசென்னை ஆட்டத்துக்கே வருகிறேன்.

கால்பந்து எப்படி உலகம் சுற்றியது? பெரும்பாலும் கப்பலிலே! நம்ம ராயபுரம் மாதிரித் துறைமுக ஊர்களிலேதான் அது கரை இறங்கியது. பிரேசில் நாட்டுக்கு 1894-லே சார்லஸ் மில்லர் என்கிற இளைஞன் இங்கிலாந்திலே படித்துவிட்டுத் திரும்பி வரும்போது பெட்டியிலே ரெண்டு பந்தைக் கொண்டுவந்தான் என்பார்கள். ஏன் ரெண்டு? ஆட ஆள் கிடைப்பான் என்கிற நம்பிக்கை! அந்தப் பிரேசில்காரன் வியாசர்பாடிப் பையன்களிடம் பேசியதுண்டா? ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் வியாசர்பாடிக்குக் ‘குட்டி பிரேசில்’ என்று பெயர். இந்தச் சொந்தத்தை உண்டாக்கியது மொழியா? (கைதட்டல்)

கேரம் போர்டுக்கு வருவோம். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-லே தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? லண்டனா, பாரிஸா? நம்ம சென்னையிலே! 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் நம்ம மரிய இருதயம். வியாசர்பாடி இளவழகி 2008-லே பிரான்ஸ் நாட்டு கான் நகரத்துக்குப் போய் உலகப் பட்டம் வென்றார். 2024-லே புது வண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுகிறவர் மகள், பதினேழு வயசு, அமெரிக்காவுக்குப் போய் மூணு தங்கம் வாங்கி வந்தார். பிரெஞ்சு படித்துவிட்டா போனார்கள்? ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. இந்தப் பத்தொன்பது எழுத்தே அங்கே அகராதி! (பலத்த கைதட்டல்)

சரி, மட்டை பிடிக்கவே தெரியாத நம்ம அம்மாவுக்கு? மகள் பிரசவத்துக்கு மலேசியா போன அம்மாவுக்கு? அங்கே மலாய்க்காரப் பாட்டி வீட்டிலே ‘சொங்காக்’ என்று ஒரு பலகை இருக்கும். பக்கத்துக்கு ஏழு குழி. குழியிலே சோழி. நம்ம அம்மா என்ன சொல்வாள்? “அட, நம்ம பல்லாங்குழி!” பிலிப்பைன்ஸிலே இதற்குச் சுங்கா என்று பெயர். ஆப்பிரிக்காவிலே இன்னும் பல பெயர். விதி கொஞ்சம் மாறும். குழியும் காயும் மாறாது. ரெண்டு பாட்டிகளுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனால் மத்தியானம் முழுக்கப் பொழுது போகும். போதாக்குறைக்கு, மொழி தெரியாததாலே மருமகளைப் பற்றிக் குறை பேசவும் முடியாது. வீட்டுக்கும் நல்லது! (பலத்த சிரிப்பு)

எதிரணியிலே கடைசியாக வந்த தம்பி ஒரு நல்ல வாதம் வைத்தார். “மொழி எல்லோருக்கும் பொது. ஆடுகளத்துக்குத்தான் வேலியும் காவலாளியும்” என்றார். உண்மை தம்பி. மறுக்கமாட்டேன். அமெரிக்காவிலே ரிச்மண்ட் நகரத்திலே ஆர்தர் ஆஷ் என்கிற கறுப்பினச் சிறுவனுக்கு, வெள்ளைக்காரர் ஆடுகிற பூங்கா கோர்ட்டிலே இடம் கிடையாது. அவன் அப்பா காவல் காத்த கறுப்பினத்தார் மைதானத்திலே பழகினான். 1975-லே விம்பிள்டனையே வென்றான். இந்த மதராஸிலே வெள்ளைக்காரர் கிளப்பிலே இந்தியருக்கு இடமில்லாத காலத்திலே, 1888-லே, புச்சி பாபு நாயுடு சும்மா இருந்தாரா? மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உண்டாக்கினார். வேலி போட்டது ஆட்டம் இல்லே, மனுஷன். வேலியைத் தாண்டியது ஆட்டம்!

அந்த ஆட்டத்துக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். 1974-லே டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியா ஆடணும். நம்ம சென்னைப் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அணியிலே இருக்கிறார்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கே நிறவெறி ஆட்சி. இந்தியா என்ன செய்தது? “உன்னோடு ஆடமாட்டோம்” என்றது. கோப்பையே போனாலும் போகட்டும் என்றது. கண்டனத் தீர்மானம் ஆயிரம் போடலாம், ஐயா. அது பேச்சு. “உன்னோடு ஆடமாட்டேன்” என்கிற வார்த்தைதான் சுடும். சேர்ந்து ஆடுவது என்றால் உன்னை எனக்குச் சமமாக ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். வலையின் ரெண்டு பக்கமும் ஒரே அளவு தரைதானே! (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. இதைச் சிரிக்காமல் கேட்கணும்.

இந்தப் பக்கத்திலே பர்மா நகர் இருக்கிறது. 1960-களிலே பர்மாவிலே கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்த தமிழர்கள். அவர்கள் பேசியது என்ன மொழி? தமிழ். நாம் பேசியதும் தமிழ். ஆனால் நாம் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டோம்? “பர்மாக்காரங்க.” ஒரே மொழி பேசியும் சொந்த மண்ணிலே அயலாராக நின்றார்கள். மொழி மட்டும் போதும் என்றால் அந்தப் பெயர் ஏன் வந்தது?

இன்றைக்கு நிலைமை என்ன? மணலி ஆலைகளிலும் எண்ணூர்ப் பக்கத்துக் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் இருக்கிறார்கள். இருபது வயசு, இருபத்திரண்டு வயசு. நம்ம பிள்ளை நியூஜெர்சி போன மாதிரி, அவன் சடையங்குப்பம் வந்திருக்கான். அவனுக்கு இதுதான் வெளிநாடு. தகரக் கொட்டகையிலே பத்துப் பேரோடு படுத்து எழுந்திருக்கிறான். தமிழ் தெரியாது. நமக்கு ஒடியா தெரியாது. மொழி அணி சொல்கிறபடி பார்த்தால், ரெண்டு பேரும் இலக்கணம் படித்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். நம்ம பையன்கள் ஆடுகிற மைதானத்தின் ஓரத்திலே அவன் நிற்பான். பந்து தன் பக்கம் உருண்டு வராதா என்று பார்த்துக்கொண்டு நிற்பான். வந்தால் எடுத்து எறிவான், மறுபடியும் நிற்பான். யாருக்குத் தெரியும்? ஒடிசாவிலே சுந்தர்கர் என்று ஒரு மாவட்டம். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய திலீப் திர்க்கி முதல் எத்தனையோ ஹாக்கி வீரர்களைக் கொடுத்த மண். அந்த மண்ணிலே பிறந்தவன்கூட அங்கே பந்து பொறுக்கிக்கொண்டு நிற்கலாம்!

நியூஜெர்சியிலே நம்ம பெரியவரைக் கை காட்டிக் கூப்பிட ஒரு சீனர் இருந்தார். இங்கே அந்தப் பையனைக் கூப்பிட யார் இருக்கா? அவனைக் கூப்பிட இந்தி வேண்டாம், ஒடியா வேண்டாம். தமிழ்கூட வேண்டாம். பந்தை அவன் பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் போதும். உள்ளே வந்துவிடுவான். அப்புறம் பாருங்கள், ஒரே மாசத்திலே “பாஸ் பண்ணுடா மச்சான்” என்று உங்களைவிடச் சுத்தமான வடசென்னைத் தமிழ் பேசுவான்! (சிரிப்பு, கைதட்டல்)

ஆக, மொழி வராமல் போகாது. வரும். ஆட்டத்துக்குப் பின்னாலே வரும். டாக்டரிடம் வயிற்றுவலியைச் சொல்ல மொழி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆளைத் தேடித் தருவது எது என்பதுதான் இன்றைய தலைப்பு. முகம் தெரியாத ஊரிலே துணை தேடித் தருவது ஆடும் ஆட்டமே, ஆடும் ஆட்டமே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும். அந்தத் தீர்ப்பை வரும் ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் மைதானத்திலே இளைஞர்கள் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.