ஒற்றைத் தூண் வீடு

(பிள்ளைப்பாக்கத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கடல் சூழ்ந்த சிறு தீவுகளுக்கும், ஏரியும் வயலுமாய் இருந்து தொழிற்பூங்காவாய் மாறிவிட்ட இப் பிள்ளைப்பாக்கத்திற்கும் என்ன உறவு எனக் கேட்கலாம். உறவு உண்டு. ஒன்றையே நம்பி வாழும் ஊர், கடல் சூழாவிடினும் தீவேயாம்.

1968-ஆம் ஆண்டில் இரண்டு தீவுகள் விடுதலை பெற்றன. ஒன்று அமைதிப் பெருங்கடலிலுள்ள நவுரு. மற்றொன்று இந்துமாக்கடலிலுள்ள மொரிசியசு.

நவுரு 21 சதுரக் கிலோமீட்டரே பரப்புடையது. பாசுபேட்டு என்னும் உரக்கல்லை வெட்டி விற்று, எழுபதுகளில் உலகின் பெருஞ்செல்வ நாடுகளுள் ஒன்றாய் எண்ணப்பெற்றது. கல் தீர்ந்தது, சேர்த்த பணமும் கரைந்தது. தீவின் பெரும்பகுதி உழவுக்கும் உறைவுக்கும் உதவாத கற்கூர்க் காடாய் எஞ்சியது. முதலையே உண்டவன் வட்டிக்கு எங்கே போவான்?

மொரிசியசோ கரும்பு ஒன்றையே நம்பியிருந்த நாடு. பிரெஞ்சியர் காலத்தில் கைவினைஞராகவும், ஆங்கிலேயர் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகவும் தமிழர் குடியேறிய மண் அது. அதன் பணத்தாளில் இன்றும் தமிழ் எழுத்தைக் காணலாம். 1961-இல் அதனை ஆய்ந்த பொருளியலறிஞர் சேம்சு மீடு, பெருகும் மக்கள்தொகைக்கு அங்கே நல்வாழ்வு அரிது என்றே கருதினார். அக் கணிப்பு பொய்த்தது. எவ்வாறு?

1970-இல் ஏற்றுமதித் தொழில்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றினர். சருக்கரையில் வந்த ஊதியத்தை ஆடைத்தொழிலிலும் சுற்றுலாவிலும் இட்டனர். 1977 முதல் இடைநிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கினர். கரும்புச் சக்கையை எரித்து மின்னாற்றல் எடுத்தனர். ஐரோப்பா சருக்கரைக்கு அளித்துவந்த உறுதிவிலை 2009-இல் முடிவுற்றபோதும் நாடு வீழவில்லை. ஊன்றிநிற்க வேறு தூண்கள் இருந்தன.

ஆயினும் அங்கும் இடர் உண்டு. 2020-இல் சப்பானியர் கப்பலொன்று பவளப்பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டியது. மீனவர் வாழ்வும் சுற்றுலாவும் ஒருங்கே நடுங்கின. மக்களே கரும்புச் சோகையைத் துணியில் திணித்து மிதவை செய்து எண்ணெயைத் தடுக்க முனைந்தனர். தூய கடல் வெறும் அழகன்று, அதுவே முதற்பொருள் என்பதை அன்று அவர்கள் உணர்ந்தனர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர் வேலையிழந்தனர். அவ்வளாகம் பின்னர் வேறொரு நிறுவனத்தால் இயங்கலாயிற்று. எனினும் இழந்த ஆண்டுகளை எவர் மீட்டுத் தருவார்?

எனவே, தொழிற்சாலை வேண்டா என்பதன்று நம் கருத்து. அது ஒன்றே போதும் என்பதே தவறு. வந்த நிறுவனம் போகலாம். கற்ற தொழிலறிவு போகாது. அவ்வறிவைத் தாய்மொழியில் நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம். உள்ளூரார் நடத்தும் சிறுதொழில்களை வளர்ப்போம். ஏரியையும் எஞ்சிய வயலையும் முதற்பொருளாய்க் காப்போம்.

ஒற்றைத் தூணில் வீடு நில்லாது. தூண்களைப் பெருக்குவோம், மண்ணைக் காப்போம்!