ரூ லூயி-பிளாங்கில் தமிழ்

பாரிஸ் மெற்றோவில் 2ஆம் இலக்கப் பாதையைப் பிடித்து லா ஷப்பலில் இறங்குங்கள். இங்கே ரயில் நிலத்துக்கு அடியில் ஓடுவதில்லை, இரும்புத் தூண்களின் மேலே ஓடுகிறது. படியிறங்கி வீதியைக் கடந்தால் ரூ லூயி-பிளாங் வந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதுமே லாச்சப்பல்தான்.

கடைப் பலகைகளில் பிரெஞ்சுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்து. வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பெட்டி பெட்டியாக. கண்ணாடிக் கதவில் ஓர் அரங்கேற்ற அறிவித்தல், அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய 31ஆம் நாள் நினைவஞ்சலி. உள்ளே ரோல்ஸ், வடை, மிதிவெடி என்று சிற்றுண்டிகள். "தம்பி, ஒரு பிளேன்ரீ" என்று தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

ஆனால் இந்த நகரத்தில் தமிழ் இந்த வீதியோடு தொடங்கவில்லை. புதுச்சேரியில் பணிசெய்த எதுவார் ஆரியேல் 1848இல் திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1854இல் அவர் இறந்தபின், அவர் சேர்த்த ஏடுகள் பாரிஸுக்கு வந்தன. இன்று பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ழூலியன் வின்சோன் கீழைமொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்து, 1903இல் தமிழ் கற்போருக்கு ஒரு கைநூலும் எழுதினார். மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு 1970இல் கூடியதும் பாரிஸில்தான். புதுச்சேரிக் குடும்பங்களும் முன்பே வந்து ஆங்காங்கே குடியேறியிருந்தன. இருந்தும் மீன்கடையில் பேரம் பேசும் தமிழை ஒரு வீதி நெடுகக் கேட்க, 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இளைஞர்கள் வந்து சேர வேண்டியிருந்தது.

அவர்கள் வந்த வீதியின் பெயரைப் பாருங்கள். லூயி பிளாங் ஒரு சோசலிசவாதி. 1848இல் நாட்டைவிட்டு ஓடி, 1870வரை இங்கிலாந்தில் அகதியாக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய தன் பெரிய வரலாற்று நூலின் பெரும்பகுதியை அங்கேதான் எழுதினார். ரெஸ்ரோரன்ற் குசினியில் இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு எழுத உட்கார்ந்த எங்கள் பொடியன்களை நினைத்தால், இதைவிடப் பொருத்தமான பெயர் அந்த வீதிக்குக் கிடைத்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

முதலில் எழுதவேண்டியிருந்தது கேஸ். ஒஃப்ரா அலுவலகத்துக்கு அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சில்தான் கொடுக்கவேண்டும். தமிழில் அழுதுகொண்டு சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் தட்டெழுதுவார். பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சாக்கவும் அவரிடமே போகவேண்டும். அடுத்தது பத்திரிகைகளும் சிற்றிதழ்களும். ‘ஈழமுரசு’, ‘மௌனம்’, ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ எல்லாம் பாரிஸிலிருந்து வெளிவந்தவை. கி. பி. அரவிந்தன் இங்கிருந்து கவிதை எழுதினார். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் 2001இல் வந்தது. அவரே நடித்த, பெரும்பாலும் தமிழ் பேசும் ‘தீபன்’ படம் 2015இல் கான் விழாவின் தங்கப் பனையை வென்றது.

ஊர்விட்டு வந்தவர்களின் மொழி அடுத்த தலைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு நகரத்தையும் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி கிளாஸ்கோவுக்குப் போன கேலிக் மொழிக்காரர்கள், மத்திய ரயில் நிலையப் பாலத்தின் கீழே கூடி ஊர்ப்புதினம் பேசுவார்கள். மலைநாட்டுக்காரரின் குடை என்று அந்தப் பாலத்துக்கு இன்றும் பெயர். பிறகு பிள்ளைகளின் வாயிலிருந்து அந்த மொழி மெல்ல மெல்லப் போனது. அதை மீட்க 2006இல் அதே நகரில், மூன்று வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை கேலிக்கிலேயே படிக்க ஒரு பள்ளி திறக்கப்பட்டது. இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ்ச்சோலை வகுப்பு இருக்கிறது. பக்கலோரியாத் தேர்வில் தமிழை எழுதித் தேறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெள்ளிவரை பிரெஞ்சில் படித்துக் களைத்த பிள்ளையைச் சனி காலையில் எழுப்பி அனுப்பும் தாய்மாரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் கடை வாசலில் நின்று கேளுங்கள்: தகப்பன் தமிழில் கேட்கிறார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள்.

ஆரியேலின் ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன. இங்கே கோப்பை கழுவிய காசில் அச்சான இதழ்களோ, வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. உங்கள் வீட்டு அலுமாரியிலோ நிலவறையிலோ பழைய பிரதிகள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, கையில் இருப்பது ஒரே ஒரு இதழ் என்றாலும் கொடுத்துவிடுங்கள்.