சர்க்கரை வியாதிக்கு விதியா காரணம்?

(கிருமாம்பாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் சாமியைப் பற்றிப் பேச வரவில்லை. சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். நாம் டாக்டர் அல்ல. பெரிய படிப்பும் படித்ததில்லை. ஆகவே நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கேளுங்கள், யோசியுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. சென்னை டாக்டர்கள் அஞ்சனா, மோகன் முதலியவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரைப் பரிசோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், நாடு முழுவதிலும் நூற்றுக்கு 11 பேருக்குச் சர்க்கரை வியாதி. நம் புதுச்சேரியிலோ நூற்றுக்கு 26 பேருக்கு! நம்மை மிஞ்சியது கோவா ஒன்றுதான், அதுவும் இம்மியளவே. அதாவது, இந்தப் பந்தலில் நால்வருக்கு ஒருவர்.

"எல்லாம் தலையெழுத்து" என்பவர்களைக் கேட்கின்றோம். உத்தரப் பிரதேசத்தாருக்கு நூற்றுக்கு 5கூட எழுதாத பிரமன், புதுச்சேரியாருக்கு மாத்திரம் 26 எழுதுவானேன்? நம்மிடம் அவனுக்கு என்ன பகை? சங்கதி அதுவல்ல. உடலுழைப்புக் குறைந்து, பட்டணத்து வாழ்வு பெருகிய இடத்தில் வியாதியும் பெருகுகின்றது.

விதியென்றால் மாற்ற முடியாதல்லவா? சென்னை டாக்டர் இராமச்சந்திரன் முதலியவர்கள், வியாதி வரும் எல்லையில் நின்றவர்களை மூன்று வருஷம் கவனித்து 2006இல் வெளியிட்டதைப் பாருங்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. தினம் அரைமணி நடந்து, ஆகாரத்தையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நூற்றுக்குப் பதினாறு பேரின் தலையெழுத்தைக் கால்நடை அழித்துவிட்டதே!

1922 ஜனவரியில் கனடா தேசத்து டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். சாகக் கிடந்தவன் பிழைத்து இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான். அதற்கு முன் அவ்வியாதியால் செத்த குழந்தைகளுக்கு அழுது தொழுத தாய்மார்கள் இல்லையா? அவ்வளவு தொழுகைக்கும் இளகாத வியாதி, மனிதன் கண்டுபிடித்த மருந்துக்கு இளகிற்று.

நிற்க. ஆகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு வந்துவிட்டேன்" என்று பலர் பெருமை பேசுகின்றார்கள். முன் சொன்ன ஆராய்ச்சிக்காரர்கள் 2025இல் வெளியிட்டதோ வேறு. நம் நாட்டார் ஆகாரத்தின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது. அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, கேழ்வரகு என்று மாற்றினால் மாத்திரம் பயனில்லை. சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, தயிர், முட்டை, மீன் சேர்க்க வேண்டும்.

இனி, பகுத்தறிவுக்காரர்களாகிய நம் யோக்கியதையையும் பார்ப்போம். நம்முடன் வெகுநாள் மேடையேறிய தோழர் ஒருவர் இருந்தார். கோயில் வாசலை மிதியாதவர், இராகுகாலம் பாராதவர். ஆனால் "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்று டீக்கடையில் எவரோ சொன்னதை நம்பி, மாத்திரையை நிறுத்திக் கஷாயத்தில் இறங்கினார். சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் என்று அவர் விசாரிக்கவில்லை. காலில் உணர்ச்சி போயிற்று, முள் குத்தினது தெரியவில்லை, புண் அழுகிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மாத்திரையை நிறுத்தினபோது நாமும் பக்கத்தில்தான் இருந்தோம். "உம் இஷ்டம்" என்று வாய்மூடி இருந்தோம். அந்த வெட்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆராயாமல் நம்புவது கோயிலில் நடந்தாலென்ன, டீக்கடையில் நடந்தாலென்ன? இரண்டும் மூடநம்பிக்கையே.

தாய்மார்களே! புருஷனுக்குப் பத்தியம் சமைக்கின்றீர்கள். உங்கள் இரத்தத்தை என்றைக்காவது சோதித்தீர்களா? மிச்சம் மீதியைத் தின்று, மயக்கத்தையும் மறைத்து உழைப்பதைக் கற்பு என்று எவனோ சொல்லிவைத்தான். அதை நம்பாதீர்கள்.

ஆகவே தோழர்களே! கைதட்டிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். இந்த வாரத்திற்குள் சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தினமும் பாதத்தைப் பாருங்கள். சாமியின் பாதத்தை அல்ல, உங்கள் பாதத்தை!