எச்சரிக்கை வந்தால் அழிக்கவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்

(தருமபுரி மாவட்டக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஸ்க்ராட்ச் மென்பொருளில் ஒரு விளையாட்டு செய்தான். ஒகேனக்கல் பரிசலைப் பாறையில் மோதாமல் ஓட்ட வேண்டும், அதுதான் ஆட்டம். அக்காவின் மடிக்கணினியில் அதை இயங்கு கோப்பாக மாற்றி, பென்டிரைவில் கொண்டுவந்தான். ஆய்வகக் கணினியில் செருகியதும் வைரஸ் எச்சரிக்கை வந்தது. "வைரஸையா கொண்டு வந்தே?" என்று எல்லார் முன்னிலும் கேட்டேன். கோப்பையும் நீக்கினேன். அவனிடம் இருந்தது அந்த ஒரே பிரதி.

இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்து கொண்டுவந்தான். அதே எச்சரிக்கை. இந்த முறை சோதித்துப் பார்த்தேன். வைரஸ் எதுவும் இல்லை.

பொய் எச்சரிக்கை ஏன் வருகிறது? வைரஸ் தடுப்பு மென்பொருள் தெரிந்த வைரஸ்களின் அடையாளத்தோடு கோப்பை ஒப்பிடும். தெரியாத கோப்பாக இருந்தால் அதன் அமைப்பையும் நடத்தையையும் வைத்து ஊகிக்கும். புதிய கோப்பு, அதிகம் பேர் பயன்படுத்தாதது, தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாதது என்றால் சந்தேகம் கூடும். மாணவன் செய்த விளையாட்டுக்கு இந்த மூன்றும் பொருந்தும். பெரிய நிறுவனங்களும் தவறியதுண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே வைரஸ் என்று கருதியதால் உலகெங்கும் கணினிகள் முடங்கின.

அதற்காக எல்லா எச்சரிக்கையும் பொய் என்று எண்ணிவிடக் கூடாது. "வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று சொல்லும் விளையாட்டைத் தொடவே வேண்டாம். அதே கணினியில்தான் நாம் எமிஸ் தளத்தைத் திறக்கிறோம். பிள்ளைகளின் விவரங்கள் அதில் இருக்கின்றன.

எச்சரிக்கை வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. செய்தியைப் படியுங்கள். விண்டோஸ் காட்டும் நீலப் பலகை பெரும்பாலும் "இது எனக்கு அறிமுகமில்லை" என்றுதான் சொல்கிறது. வைரஸின் பெயரோடு வரும் எச்சரிக்கை வேறு.

2. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் போன்ற இலவசக் கல்வி மென்பொருள்களை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

3. வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றினால் ஏறத்தாழ 70 தடுப்பு மென்பொருள்களின் முடிவு கிடைக்கும். ஒன்றிரண்டு மட்டும் சந்தேகப்பட்டால் பொய் எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பல மென்பொருள்கள் ஒரே குரலில் சொன்னால் நீக்கிவிடுங்கள். ஏற்றும் கோப்புகள் பிறருடன் பகிரப்படும் என்பதால், மாணவர் விவரம் உள்ள எதையும் அங்கே ஏற்றக் கூடாது.

4. பாதுகாப்பானது என்று உறுதியானால், தனிமைப்படுத்திய இடத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் மீட்டு, அதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள். முழு டிரைவுக்கும் விலக்கு தர வேண்டாம்.

அடுத்தது அனுமதிச் சிக்கல். விளையாட்டு திறக்கும், மதிப்பெண் மட்டும் சேமிக்காது. ஜிப் கோப்பைப் பிரிக்காமல் உள்ளிருந்தே இயக்குவது ஒரு காரணம். 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் வைத்திருப்பது இன்னொன்று. சாதாரணப் பயனர் அங்கே எழுத முடியாது. இதற்காக மாணவருக்கு நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ஜிப்பைப் பிரித்து, மாணவர் கணக்கின் சொந்தக் கோப்புறையில் வையுங்கள். அப்போதும் சேமிக்காவிட்டால், விண்டோஸின் ரேன்சம்வேர் பாதுகாப்பு தடுக்கிறதா என்று பார்த்து, அந்த ஒரு செயலியை அனுமதியுங்கள்.

பாஸ் லினக்ஸ் உள்ள விலையில்லா மடிக்கணினிகளில், இறக்கிய கோப்புக்கு இயங்கும் அனுமதி தானாக வராது. வலது சொடுக்கு, பண்புகள், அனுமதிகள் என்று சென்று இயக்க அனுமதி கொடுக்க வேண்டும். மூலம் நம்பகமானது என்று தெரிந்த பிறகே அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று: ஸ்க்ராட்ச்சின் மூலக் கோப்பை எப்போதும் இரண்டு இடங்களில் சேமிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இயங்கு கோப்பு போனாலும் அதை வைத்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

அந்த மாணவனிடம் அதே வகுப்பின் முன்னால் வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை சார், ரெண்டாவது தடவை செஞ்சதுல பாறை இன்னும் நல்லா வந்திருக்கு" என்றான். எல்லாப் பிள்ளையும் இரண்டாவது தடவை செய்வதில்லை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.