முத்திரை பதித்த பகை: போரிடும் ரோபோ அணிகளும் மறைந்திருக்கும் துரோகியும்



தம்முள் ஓயாது போரிடும் இரண்டு ரோபோ அணிகள், இரண்டையும் ஒருசேர அழிக்கவல்ல ஒரு பொதுப்பகை, அந்த நெருக்கடியிலும் ஓர் அணிக்குள் மறைந்திருந்து காட்டிக்கொடுப்பவன் ஆகிய மூன்று கூறுகளும் சேர்ந்த கதையமைப்பை இக்கருத்தரங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டுள்ளது. கேட்ட அளவில் இது சிறுவர் பொழுதுபோக்குக்கு உரிய செய்தியாகத் தோன்றக்கூடும்; ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொம்மை, படக்கதை, அசைபடம், திரைப்படம் எனப் பல வடிவங்களில் சொல்லப்பட்டுவரும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைத்தொகுதி இவ்வமைப்பைத் திரும்பத் திரும்பக் கையாண்டு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முடிவுக்கு வந்திருப்பதால், ஆராய்ச்சிக்கு வேண்டிய சான்று இங்குக் குவிந்து கிடக்கிறது. இவ்வுரை வலியுறுத்த விரும்புவது, ரோபோக் கதைகளில் அணிப்பகை என்பது ரோபோக்களின் உள்ளத்தில் தானாக விளைவதன்று, செய்தவரும் ஆள்பவரும் மேலே பதித்துவிடும் முத்திரை என்பதையும், பொதுப்பகையால் அழியாத அம்முத்திரையின் உண்மை மதிப்பைத் துரோகியே வெளிப்படுத்துகிறான் என்பதையும் ஆகும்.

கதையை அறியாதார் பொருட்டுச் சில பெயர்களைத் தெளிவுபடுத்துவது தகும். சைபர்ட்ரான் என்பது அறிவும் உணர்வும் உடைய எந்திர உயிர்கள் வாழும் உலோகக் கோள். அவ்வுயிர்கள் ஊர்தியாகவும் விமானமாகவும் ஆயுதமாகவும் உருமாற வல்லவை. அவற்றுள் ஆப்டிமஸ் பிரைமின் தலைமையை ஏற்றவை ஆட்டோபாட்கள், மெகாட்ரானின் தலைமையை ஏற்றவை டிசெப்டிகான்கள். இரு சாராருக்கும் பொதுவான பகையாக வருவது யூனிக்ரான் எனும், கோள்களை விழுங்கிப் பசியாறும், தானே ஒரு கோளின் அளவுள்ள பேருரு.

இவ்விரு அணிகளும் தோன்றிய வரலாறே இங்கு முதற்சான்றாக அமைகிறது. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையை வெளியிட்டது. மைக்ரோமேன் என்ற மற்றொரு வரிசையிலிருந்து மைக்ரோ சேஞ்ச் என்ற கிளை பிறந்தது. முன்னதில் கார்களும் விமானங்களும் மனிதர் ஏறி ஓட்டும் போர்க்கருவிகள். பின்னதில் துப்பாக்கியும் ஒலிநாடாக் கருவியும் போன்ற அன்றாடப் பொருள்கள் உருமாறின. ஆட்டோபாட் என்றோ டிசெப்டிகான் என்றோ பிரிவு எதுவும் அங்கில்லை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இவ்விரு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளைத் தெரிந்தெடுத்து 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ஒரே பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தபோதுதான் அவற்றுக்கு ஒரு போர் தேவைப்பட்டது. மார்வல் படக்கதை நிறுவனத்தின் ஜிம் ஷூட்டர் கதையின் பின்புலத்தை வகுக்க, டென்னிஸ் ஓநீல் ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வழங்க, பாப் புடியான்ஸ்கி ஏனைய பாத்திரங்களுட் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதித் தந்தார். கார்களுட் பெரும்பாலானவை நல்லவர் பக்கமும், துப்பாக்கியும் போர்விமானங்களும் தீயவர் பக்கமும் ஒதுக்கப்பட்டன. டயாக்ளோனில் மனிதகுலத்தைக் காக்கப் பறந்த எஃப்-15 விமானமே இங்கே ஸ்டார்ஸ்க்ரீம் எனும் பெயரில் துரோகத்தின் மறுபெயராயிற்று. ஒரே அச்சில் வார்த்த அவ்விமானம் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு தண்டர்க்ராக்கர், ஸ்கைவார்ப் எனும் வேறிரு வீரர்களாகவும் விற்கப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம். உடல் ஒன்றாயிருக்க, குணம் அட்டையில் அச்சிட்டு வழங்கப்பட்டது.

அவ்வட்டையை அணுகிப் பார்ப்பது பயனுடையது. பெட்டியின் பின்புறத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் வலிமை, அறிவு, வேகம், தாங்குதிறன், பதவி, துணிவு, சுடுதிறன், செயல்திறன் என எட்டு அளவைகள் வரைபடமாக அச்சிடப்பட்டிருந்தன. ஆயின் சிவப்புக் கோடுகள் குழம்பிக் கிடந்தமையால் வெறும் கண்ணுக்கு அவை விளங்கா. உடன் வைத்திருந்த சிவப்பு வண்ணத் தாளை மேலே பிடித்தால் மட்டுமே அளவு தெரியும். ஆட்டோபாட்களின் ஒற்றனாகிய மிராஜின் குறிப்பில், தன் அணியின் கொள்கையில் அவனுக்கு உறுதியில்லை என்றும் அவனை முழுமையாக நம்ப இயலாது என்றும் எழுதப்பட்டிருந்தது. எதிரணியில் தண்டர்க்ராக்கரும் டிசெப்டிகான் கொள்கையை முற்றும் ஏற்காதவனாகவே எழுதப்பட்டான். அதாவது, போர் தொடங்குமுன்னரே இரு பாசறைகளிலும் பக்கத்துக்கு ஓர் ஐயம் விதைக்கப்பட்டுவிட்டது. 1985இல் இதற்கும் ஒருபடி மேலே சென்று, வெப்பத்தால் நிறம் மாறும் சிறிய சதுர ஒட்டி பொம்மைகளின் மேல் ஒட்டப்பட்டது. கறுத்துக் கிடக்கும் அதனை விரலால் தேய்த்துச் சூடேற்றினால் ஆட்டோபாட் முகமோ டிசெப்டிகான் முகமோ மெல்லத் துலங்கும். விரலை எடுத்தபின் மறையும். போலிப் பொம்மைகளிலிருந்து உண்மைப் பொம்மையைப் பிரித்தறியும் அடையாளமாகவும் அது விளம்பரப்படுத்தப்பட்டது. ஒருவன் எந்த அணி என்பதற்கும் அவனை விற்ற நிறுவனம் எது என்பதற்கும் ஒரே ஒட்டி சான்றாக நின்றது என்பது வணிகத் தந்திரம் என்ற அளவில் தள்ளிவிடத்தக்க செய்தியன்று.

இனிப் பொதுப்பகையைக் கருதலாம். 1986இல் நெல்சன் ஷின் இயக்கத்தில் வெளிவந்த முழுநீள அசைபடத்தில், ஆர்சன் வெல்ஸின் குரலில் பேசும் யூனிக்ரான் இரு அணிகளுக்கும் கூற்றாக வருகிறான். பொதுவான ஆபத்து பகைவரை இணைக்கும் என்னும் பரவலான எண்ணம் இப்படத்தில் ஒரே ஒரு காட்சியில் தலைகாட்டி உடனே மடிகிறது. மெகாட்ரானை யூனிக்ரான் திருத்திச் செய்த வடிவமாகிய கால்வட்ரான், யூனிக்ரானின் வயிற்றுக்குள் ஹாட் ராட் என்ற ஆட்டோபாட் இளைஞனை எதிர்ப்பட்டு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இப்போது நாம் கூட்டாளிகள் என்ற கருத்தில் பேசத் தொடங்குகிறான். அடுத்த நொடியே யூனிக்ரான் அவன் மூளையை வதைக்க, கூட்டணிப் பேச்சு போராக மாறிவிடுகிறது. சைமன் ஃபர்மன் எழுதிய மார்வல் படக்கதை இச்சிக்கலை ஆழமாகவே கையாண்டது. யூனிக்ரானின் வரவை உணர்ந்த ஆப்டிமஸ் பிரைம், அப்போது டிசெப்டிகான் தலைவனாக இருந்த ஸ்கார்போனாக்கிடம் தானே சரணடைந்து படைகளை ஒன்றாக்குகிறான். அதனை ஏற்காதாரால் டிசெப்டிகான்களுக்குள்ளேயே உட்போர் மூள்கிறது. 1991இல் வந்த 75ஆம் இதழில் யூனிக்ரான் வீழ்த்தப்பட்ட சிறிது காலத்திலேயே கூட்டணியும் குலைகிறது. பொதுப்பகை தற்காலிக ஒழுங்கைத் தருமேயன்றி நம்பிக்கையைத் தருவதில்லை என்பதை அக்கதை மழுப்பாமல் சொல்லியிருக்கிறது.

துரோகியின் செய்தி இதனினும் நுட்பமானது. ஸ்டார்ஸ்க்ரீம் மறைந்திருப்பவன் அல்லன். மெகாட்ரானை வீழ்த்தித் தலைவனாவதே தன் குறி என்பதை நாள்தோறும் வாய்விட்டுச் சொல்பவன். அவனைத் தலைவன் ஏன் உடன் வைத்திருந்தான் என்ற வினாவுக்கு, அறிந்த துரோகத்தால் அணி குலைவதில்லை என்பதே விடை போலும். அசைபடத்தில் காயமுற்ற மெகாட்ரானை வெட்டவெளியில் தள்ளிவிட்டு அவன் முடிசூடிக்கொள்ளும்போது, திரும்பிவந்த கால்வட்ரான் ஒரே வெடியில் அவனைச் சாம்பலாக்க, எவரும் அதிர்ச்சியுறவில்லை.

மறைந்திருக்கும் துரோகியின் விளைவு முற்றிலும் வேறு. 2007 முதல் 2009 வரை ஒளிபரப்பான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அனிமேட்டட் தொடர் இதற்குச் சிறந்த சான்று. ஆட்டோபாட் பயிற்சி முகாமில் தன்னோடு பயிலும் வாஸ்ப் என்பவனே டிசெப்டிகான் உளவாளி என்று பம்பிள்பீ எனும் ஆட்டோபாட் ஐயுறுகிறான். பம்பிள்பீக்குத் துணைநின்று, வாஸ்பின் பொருள்களுக்கிடையே பொய்ச்சான்றை வைத்தவன் லாங்ஆர்ம் என்ற மற்றொரு பயிற்சி மாணவன். வாஸ்ப் சிறையில் வாட, லாங்ஆர்ம் படிப்படியாக உயர்ந்து ஆட்டோபாட் உளவுத்துறையின் தலைமையையே பெறுகிறான். அவனே ஷாக்வேவ் என்ற டிசெப்டிகான். துரோகிகளைப் பிடிப்பதற்கென்று அமைந்த துறை துரோகியின் கையிலேயே இருந்ததைக் காட்டிலும், குற்றமற்ற வாஸ்ப் சிறையில் மனம் திரிந்து, பின்னாளில் உண்மையாகவே ஆட்டோபாட்களுக்குப் பகைவனாகிவிடுகிறான் என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. ஐயமே அவன்மேல் முத்திரையாகப் பதிந்து, அவனை வேறொருவனாக ஆக்கிவிட்டது. நல்லவர் அணி எனப் பெயர்பெற்ற ஓர் அணி இதற்குப் பொறுப்பேற்றாக வேண்டும் என்ற அளவுக்குச் சிறுவர் தொடர் ஒன்று துணிந்திருப்பது பாராட்டுக்குரியது.

அணிமாறுதல் அனைத்தும் துரோகம் ஆகுமா என்பது இதனோடு ஒட்டிய வினா. 1996இல் தொடங்கிய பீஸ்ட் வார்ஸ் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடரில் டைனோபாட் என்பவன் தன் தலைவனை விட்டு எதிரணியில் சேர்ந்து, இடையில் ஒருமுறை திரும்பவும் சென்று, மீண்டும் வந்து, முடிவில் ஆதிமனிதர் சிலரைக் காக்கத் தனியே நின்று உயிர்விடுகிறான். விபீடணன் செய்தது அறமா துரோகமா என்று பட்டிமண்டபங்களில் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இவ்வழக்கு புதிதன்று. எனவே அதனை இங்கு நீட்டிக்க வேண்டியதில்லை.

2024இல் ஜாஷ் கூலி இயக்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன் என்ற படம் இதுவரை கூறிய வரிசையைத் தலைகீழாக்குகிறது. முன்னைக் கதைகளில் அணிகள் முதலில், துரோகி பின்னர்; இங்கோ துரோகி முதலில், அவன் வெளிப்பட்டதன் விளைவாகவே அணிகள். சைபர்ட்ரானைக் காப்பவனாகப் போற்றப்படும் சென்டினல் பிரைம், முன்னோர்களாகிய பிரைம்களைக் குவின்டெசான்கள் என்ற அயற்பகைவரிடம் காட்டிக்கொடுத்தவன். சுரங்கத் தொழிலாளர் தோண்டியெடுக்கும் எனர்ஜான் என்னும் ஆற்றற்பொருளை அப்பகைவருக்கே திறையாக அளந்துவருபவன். தொழிலாளரின் உருமாறும் உறுப்பைப் பிறப்பிலேயே களைந்துவிட்டு, அதனை இயற்கைக் குறைபாடாக நம்பவைத்தவன். அத்தொழிலாளருள் இருவராகிய ஓரையன் பேக்ஸும் டி-16உம் நண்பர்களாக இவ்வுண்மையைக் கண்டறிகின்றனர். துரோகி ஒருவனே, சான்றும் ஒன்றே. எனினும் சென்டினலைக் கொல்ல டி-16 சுட்டபோது குறுக்கே பாய்ந்து அவ்வடியை ஏற்பவன் ஓரையன். அடிபட்டுத் தொங்கும் நண்பனின் கையை விட்டுவிடுபவன் டி-16. முன்னவன் ஆப்டிமஸ் பிரைமாகவும் பின்னவன் மெகாட்ரானாகவும் ஆகின்றனர். மெகாட்ரோனஸ் என்ற பிரைமின் முகம் வரைந்த ஒட்டி ஒன்றை ஓரையன் நண்பனுக்கு அன்பளிப்பாக வழங்கியிருந்தான் என்பதும், அம்முகமே டிசெப்டிகான் சின்னமாயிற்று என்பதும் கருதத்தக்கன. 1985இன் ஒட்டி நிறுவனம் ஒட்டியது. இதுவோ நட்பின் பேரில் வந்து, பகையின் கொடியாக நிலைத்துவிட்டது.

இக்கதைகளுக்கெல்லாம் முன்னோடியான நூலை விட்டுவிட்டு இவ்வுரையை முடித்தல் முறையாகாது. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்டு, 1921 ஜனவரியில் பிராகாவின் தேசிய அரங்கில் மேடையேறிய ஆர்.யூ.ஆர். நாடகத்தின் ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல, ஒரு தீவுத் தொழிற்சாலையில் உயிர்ப்பொருள் கொண்டு செய்யப்பட்ட தொழிலாளர்கள். அவை ஒன்றுபட்டு மனிதருக்கு எதிராக எழுகின்றன. அங்கே பொதுப்பகை மனிதனே. கிளர்ச்சி அடங்கிவிட்டது என்று தவறாக நம்பிய நேரத்தில், தொழிற்சாலைத் தலைவன் டோமின் ஒரு திட்டத்தைக் கூறுகிறான்: இனி ஒரே ஆலை வேண்டாம், ஒவ்வொரு நாட்டிலும் ஆலை நிறுவி, வேறுவேறு நிறமும் வேறுவேறு மொழியும் உடைய ரோபோக்களைச் செய்து, ஓர் ஆலையின் முத்திரை தாங்கியது மற்றோர் ஆலையின் முத்திரை தாங்கியதைக் காலமெல்லாம் வெறுக்கும்படி வளர்த்துவிட்டால், அவை ஒன்றுகூடி மனிதனை எதிர்க்கா. போரிடும் ரோபோ அணிகள் என்ற எண்ணம் முதலில் ஆள்வோரின் தற்காப்பு உத்தியாகவே பிறந்தது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று தேடவேண்டியதில்லை. டோமினின் திட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே ஆலை வீழ்ந்தது.

மறைந்திருந்த துரோகியும் அந்நாடகத்தில் உண்டு. அத்துரோகி ரோபோக்களிடையே இல்லை. டோமினின் மனைவி ஹெலனா இரக்கத்தால் வேண்டிக்கொள்ள, கால் என்ற பெயருடைய உடலியல் வல்லுநர் பிறர் ஒருவருக்கும் தெரியாமல் சில ரோபோக்களின் ஆக்கத்தை மாற்றி அவற்றுக்கு உணர்வூட்டினார். கிளர்ச்சி அவற்றிடமிருந்து எழுந்தது. ரோபோவைச் செய்யும் முறை எழுதிய சுவடியைத் தந்து உயிரை மீட்கலாம் என்று ரோபோக்களின் முற்றுகையுள் இருந்த மனிதர் எண்ணியபோது, அதனையும் ஹெலனா முன்னரே தீயிலிட்டுவிட்டாள் என்பது தெரியவந்தது. தன் கையால் உழைத்துவந்த அல்குவிஸ்ட் ஒருவனைத் தவிர மனிதர் எல்லாரும் மாண்டனர். வென்ற ரோபோக்களும் தம் இனத்தைப் பெருக்க வழியின்றி அவனிடமே மன்றாட நேர்ந்தது. ஹெலனா மனிதருக்குத் துரோகம் செய்தாளா, ரோபோக்களுக்கா, இரு தரப்புக்குமா, எவர்க்கும் இல்லையா என்பது போன்ற வினாவை இங்குக் கண்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகள் எழுப்பவில்லை; அவற்றின் துரோகிகள் பதவிக்காகவோ அச்சத்தாலோ காட்டிக்கொடுப்பவர்களே பெரும்பாலோர். இரக்கத்தால் நேரும் துரோகத்துக்கு அணிகளின் கதையில் இடமுண்டா என்ற வினாவோடு கருத்தரங்கின் முதல் அமர்வு தொடங்குவது பொருத்தமாக இருக்கும். கட்டுரையாளர்கள் தத்தம் சான்றுகளோடு அவையின்முன் வருக.